பாதிரி கூவாத நாட்கள்

லிஸ்பெத் வழுக்கி விழுந்த நாளில் காலையில் மழை, மதியம் வெயில், சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. எங்கள் லிம்ஃபியோர்டு கடற்கழிக் கரையில் ஜனவரி இப்படித்தான் ஆளை ஏமாற்றும். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எந்தப் பனியிலும் வண்டியைச் சறுக்கவிடாத மகராசி, தன் வீட்டு வாசற்படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான என்னைக் கூப்பிட்டு, கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தீனி போடு, தண்ணீர் வை, இருட்டினால் கதவைச் சாத்து, வேறு எதையும் தொடாதே. கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொன்னாள். என் எட்டு மாதக் குழந்தை வில்லாஸைப் பார்த்துக்கொள்ள நான் விடுப்பில் இருந்தேன். வீட்டில் சும்மா இருக்கிறவன் என்ற தைரியத்தில்தான் என்னிடம் ஒப்படைத்தாள்.

ஏழு கோழிகள், ஒரு சேவல். சேவலுக்குப் பெயர் பாதிரி, ஞாயிற்றுக்கிழமைகூட யாரையும் தூங்கவிடாததால். நரி தாய்க்கோழியைத் தூக்கிப்போன பிறகு, குஞ்சாக இருந்த அவனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே ஒரு வாரம் பேருந்து ஓட்டியவள் லிஸ்பெத். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் அந்தத் தெருவில் குடியிருக்கவே முடியாது.

மறுநாள் மைனஸ் பன்னிரண்டு என்று வானொலியில் சொன்னார்கள். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக, உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஓட்டைகள். மனசு கேட்கவில்லை. கழியில் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த ஜீவன்களைப் பார்த்ததும் எனக்கே பல் கிட்டியது. என் பழைய கம்பளி ஸ்வெட்டரைக் கொண்டுவந்து ஓர் ஓட்டையிலும், மனைவியின் காலுறைகளை இன்னொன்றிலும் திணித்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட மிதப்போடு வீடு திரும்பினேன்.

காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் முத்து முத்தாக நீர். பாதிரியின் கொண்டை நுனி வெளுத்திருந்தது. அவன் கூவவே இல்லை. குளிர்தான் காரணம் என்று முடிவு செய்து, கதவு இடுக்கிலும் போர்வையை அடைத்தேன். அடுத்த நாள் பனி உருகி மழை கொட்டியது. உள்ளே கண்ணைக் கரிக்கும் நெடி, காலடியில் சொதசொதவென்று வைக்கோல். அதற்கடுத்த நாள் மறுபடி உறைந்தது. கொண்டை நுனி கறுத்துவிட்டது. ஒரு கோழி தீனியைத் தொடாமல் மூலையில் சுருண்டிருந்தது.

லிஸ்பெத் தினமும் பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் செய்வாள். அந்த நேரத்தில்தான் நான் வீடு காற்றாட ஜன்னல்களையெல்லாம் திறந்து வைப்பேன். எல்லாம் சுகம்தானே என்று கேட்பாள். சுகம் என்பேன். மூன்று நாள், மூன்று பொய்.

நாலாம் நாள் போன் மணி அடித்தபோது என்னால் முடியவில்லை. சுவர் நனைவதையும், கொண்டை கறுத்ததையும், பாதிரி கூவாமல் நிற்பதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இனி இவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல ஓட்ட இருக்கே, அதுல என்ன இருக்கு?" என்றாள் கடைசியில். குரல் ஒரு மாதிரி கரகரத்தது.

"என் ஸ்வெட்டர். இன்னொண்ணுல காலுறை."

"வில்லாஸ் எங்க?"

"வெளிய தோட்டத்துல. தள்ளுவண்டிக்குள்ள தூங்குறான்."

"எவ்வளவு குளிரு?"

"மைனஸ் ஆறு."

"ஏம்ப்பா, அந்த வண்டி மேல பலகைய போட்டு மூடி, இண்டு இடுக்குல எல்லாம் காலுறைய அடைச்சு வச்சிருக்கியா?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆப்பிள் மரத்தடியில் தள்ளுவண்டி. உள்ளே சிவந்த மூக்கோடு அயர்ந்து தூங்குகிறான் என் பிள்ளை. ஊரில் எல்லோரும் செய்வதுபோல அவனைக் குளிர்காற்றில் தூங்கவைக்கிறேன், வீட்டு ஜன்னலைத் தினமும் திறக்கிறேன், இறகுப் போர்வையோடு பிறந்த கோழிகளை மட்டும் தங்கள் மூச்சின் ஈரத்திலேயே ஊறவைத்திருக்கிறேன். அந்த ஈரம்தான் கொண்டையில் ஏறி உறைந்தது. வெட்கமாக இருந்தது.

ஸ்வெட்டரைப் பிடுங்கியபோது பலகைபோல விறைத்திருந்தது. காலுறைகளையும் கதவிடுக்குப் போர்வையையும் உருவினேன். நனைந்த வைக்கோலை வாரி வெளியே எறிந்தேன், காய்ந்த மரச்சீவலை முழங்கால் உயரத்துக்குக் கொட்டினேன். கொண்டையைத் தேய்க்காதே, அப்படியே விடு என்று லிஸ்பெத் சொல்லியிருந்தாள். விட்டேன். சுருண்டிருந்த கோழியை மட்டும் துணி துவைக்கும் அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

அன்றிரவு மைனஸ் பத்து. காலையில் கூண்டின் கதவைத் திறக்கவே பயந்தேன். திறந்தேன். சுவர் காய்ந்திருந்தது. நெடி இல்லை. கோழிகள் சிலிர்த்துக்கொண்டு என் காலுக்கிடையே வெளியே ஓடின. துணி அறையில் இருந்தவளும் ஊறவைத்த ஓட்ஸைக் கொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படியே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

பத்து மணிக்கு போன் வந்தது. எல்லாம் சுகம் என்று நான் ஆரம்பிக்கும் முன்பே, திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே பாதிரி தொண்டை கிழியக் கூவினான். நுனி கருகிய கொண்டையோடு, வேலிமேல் நின்று. வண்டிக்குள் வில்லாஸ் விழித்துக்கொண்டு வீறிட்டான்.



"நேத்து நீ சொன்னப்ப நான் கோவத்துல வாயடைச்சுப் போகலப்பா," என்றாள் லிஸ்பெத். "மூணு நாளா உன் ஜன்னல் வழியா அவன் சத்தமே கேக்கல. செத்துட்டான்னே முடிவு பண்ணிட்டேன். வாயத் திறந்து கேக்கத்தான் பயமா இருந்துச்சு. அவன் நிக்கிறான்னு நீ சொன்னதும் அழுகைதான் வந்துச்சு."

நான் அழுகிற பிள்ளையைத் தூக்கப் போகவில்லை. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன், அவன் இன்னொரு தடவை கூவும்வரை.