விளிம்பு வரை தேநீர்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் மாணவனுக்கு அறை கொடுப்பது வீட்டுக்காரர் அல்ல. அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் மாணவர்கள்தான் கொடுக்கிறார்கள். அறை ஒன்று காலியானால் விளம்பரம் போடுவார்கள். வந்து குவியும் விண்ணப்பங்களில் சிலரை மட்டும் பொறுக்கி ஒரு மாலை வீட்டுக்கு அழைப்பார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான். ஆனால் பார்க்கப்படுகிற அத்தனை பேரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கிறுக்குத்தனமான கேள்விகள் வரும். பதில் எதுவானாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தலைவலியோடு சமையலறைக்குப் போனால் இவன் முகத்தைப் பார்க்க எரிச்சல் வருமா, வராதா என்றுதான் உள்ளுக்குள் அளந்துகொண்டிருப்பார்கள். இன்னொன்று, கடைசிவரை இருக்க வேண்டும். பாதியில் கிளம்புகிறவனுக்கு இந்த வீடு பிடிக்கவில்லை என்று பொருள். அதன் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இருக்காது.

நான் ஸ்டோயன், பல்கேரியாக்காரன். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே வெளிநாட்டான் நான்தான். மாடி அறை காலியானபோது, மற்றவர்களிடம் மன்றாடி பெக்தூரையும் அழைக்க வைத்தேன்.

பெக்தூர் கிர்கிஸ்தானிலிருந்து நீரியல் படிக்க வந்தவன். ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. அறை கிடைக்காமல், ஊருக்கு வெளியே முகாம் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தான். மழை பெய்யாத நாளிலும் அவன் புத்தகங்கள் நனைந்திருக்கும். காரணம் எளிது. தூங்குகிறவனின் மூச்சில் ஈரம் இருக்கிறது. அது குளிர்ந்த கூடாரத் துணியில் பட்டு நீராகி, அவன்மேலேயே சொட்டுகிறது. உறைபனி தொடங்கினால் மைதானத்தையும் மூடிவிடுவார்கள்.

கூரை இல்லாததைவிட முகவரி இல்லாதது பெரிய சிக்கல். இங்கே எல்லாம் பல்சக்கரம்போல ஒன்றோடொன்று கோத்திருக்கிறது. முகவரி இருந்தால்தான் நகராட்சியில் பதிவு. பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு, தங்கும் அனுமதி. முதல் சக்கரம் சுற்றாவிட்டால் கடைசிச் சக்கரமும் நிற்கும். படிப்பும் அதோடு சரி.

அந்த மாலை நன்றாகத்தான் தொடங்கியது. எங்கள் வீட்டு வீபே கேட்டான்: "நீங்கல்லாம் சமையல் பாத்திரமா பொறந்திருந்தா என்னவா பொறந்திருப்பீங்க?"

ஒருவன் வாணலி என்றான். பக்கத்து மாகாணமான ஃப்ரீஸ்லாந்திலிருந்து வந்த பெண் ஒருத்தி பால் குவளை என்றாள். பெக்தூர் தேர்வு எழுதுகிறவன்போல யோசித்தான்.

"மூடி."

"மூடியா? எதுக்குடா மூடி?"

"இருக்கும்போது யாரும் கண்டுக்க மாட்டாங்க. காணோம்னாதான் வீடே சேந்து தேடும்."

வீபே சோபாவில் உருண்டு சிரித்தான். "சரியான ஆளுடா இவன்!"

சீட்ஸ்கே எழுந்து தேநீர் போடப் போனாள். எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்குத்தான் எடை அதிகம். திரும்பி வந்தபோது அவளுடைய சொந்தக் கோப்பை கையில் இருந்தது. யாருக்கும் தராத கோப்பை அது. அதை பெக்தூர் முன்னால் வைத்து, ததும்பத் ததும்ப, விளிம்பு வரை ஊற்றினாள். எனக்கு மனசு குளிர்ந்தது. அறை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பெக்தூர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாக்கு வெந்துபோகும் சூட்டில் மடமடவென்று குடித்து முடித்தான். எழுந்து நெஞ்சில் கை வைத்து எல்லோருக்கும் தலை குனிந்தான்.

"ரொம்ப நன்றி. நான் வரேன்."

"டேய், இன்னும் பீட்சாவே வரலையேடா!" என்றான் வீபே.

நான் வாசல்வரை ஓடினேன். "எங்கடா போற? ஒக்காரு."

"இல்லண்ணே. அவங்க மரியாதையா சொல்லிட்டாங்க. நானும் மரியாதையா கெளம்பணும்." சைக்கிள் கிளம்பிவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் போனபின் ஓட்டு எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "மூடி பறந்துருச்சு" என்றான் வீபே. சீட்ஸ்கே முகம் வாடியிருந்தது. "எனக்கு அவனத்தான் புடிச்சிருந்துச்சு. ஆனா அவனுக்கு நம்மள புடிக்கலையே. கட்டியா இழுத்துட்டு வர முடியும்?" ஃப்ரீஸ்லாந்துப் பெண்ணுக்கு அப்போதே ஃபோன் போட்டார்கள். அவள் சந்தோஷத்தில் அழுதது எனக்கும் கேட்டது. சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் இங்கே இல்லை.

மறுநாள் மாலை மைதானத்துக்குப் போனேன். பெக்தூர் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பாதிக் கூடாரம் சரிந்து கிடந்தது. கோபமாகத்தான் கேட்டேன்.

"என் மானத்த வாங்கிட்டியேடா. ஏன் எழுந்து போன?"

"அவங்கதானே போகச் சொன்னாங்க."

"யாருடா சொன்னா?"

"கோப்பைய நெறச்சுட்டாங்களேண்ணே." எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், முளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "எங்க ஊர்ல விருந்தாளிக்குக் கொஞ்சமாத்தான் ஊத்துவோம். ஆறுறதுக்குள்ள குடிச்சிருவாங்க, திரும்ப நீட்டுவாங்க, திரும்ப ஊத்துவோம். இருங்க, இன்னும் பேசுங்கன்னு அர்த்தம். முழுசா ஊத்துனா, குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னு."

"அட பாவி. அவளுக்கு உன்னப் புடிச்சதாலதான்டா அவ்வளவு ஊத்துனா."

கீழே வைத்த முளையை அவன் திரும்ப எடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப இப்ப போய்ச் சொன்னா…"

"ரூம் குடுத்தாச்சுடா."

"ம்."

"என் ரூம்ல தரையில படுத்துக்கோ."

"உங்க விலாசத்துல என் பேரச் சேப்பாங்களா?"

சேர்க்கமாட்டார்கள். ஒரு வீட்டில் இத்தனை பேருக்குமேல் பதிய முடியாது, புதிதாக வரும் பெண்ணோடு எங்கள் வீடு நிறைந்துவிடும். நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

"தரை கெடச்சு என்னண்ணே பண்றது? காலையில ஏர்போர்ட்டுக்கு பஸ். ஊருக்கு வரேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

ஃபிளாஸ்க்கை எடுத்து, அதன் மூடியில் எனக்குக் கொஞ்சம் தேநீர் ஊற்றினான். குடித்தேன். திரும்பவும் கொஞ்சம். ஆய்வகத்தைப் பற்றி, எங்கள் பேராசிரியரின் இருமலைப் பற்றிப் பேசினோம். அவரைப்போலவே இருமிக் காட்டிச் சிரித்தான். ஒவ்வொரு முறையும் அடியை மறைக்கும் அளவுதான் ஊற்றினான். நானும் ஒவ்வொரு முறையும் நீட்டினேன்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சரிந்த கூடாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்து, விளிம்பு வரை ஊற்றினான்.

நிறைந்த தேநீரில் மேலே குடிக்கும்போது அடியிலிருப்பது ஆறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தேன். கடைசி மடக்கு பச்சைத் தண்ணீராக இருந்தது. மூடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.