கப்பல் தாத்தா தண்ணீர் குடித்த தீவு

ஞாயிற்றுக்கிழமை போன் வருவதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தங்கை நினைத்திருந்தாள். வெள்ளி போனது, சனியும் போனது, வாய் மட்டும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஆவிக்கு முன்னால் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப்போகும். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே பள்ளமாகக் கிடக்கும். அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மாதா கோயில் அலுவலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அலைந்தாள். அலைந்து கண்டுபிடித்ததை இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எல்லாம் ஒரு கல்லறைக் கல்லில் தொடங்கியது. அப்பாவின் தாத்தாவை வீட்டில் கப்பல் தாத்தா என்பார்கள். ஏதோ ஒரு தீவிலிருந்து கப்பலேறி வந்தவர். எந்தத் தீவு என்று கேட்டால் அப்பா, “கடலுக்கு நடுவுல இருக்கு” என்பார். “தீவுன்னா கடலுக்கு நடுவுலதானேப்பா இருக்கும்” என்று அண்ணன் ஒருமுறை கேட்டு முதுகில் வாங்கிக்கொண்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போன மழைக்கு மரம் சாய்ந்து தாத்தாவின் கல் இரண்டாகப் பிளந்தபோதுதான், கோயில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கல்லுக்குப் பெயர், பிறந்த இடம், கல்யாண வருஷம், இறந்த வருஷம் எல்லாம் வேண்டும் என்றார். பிறந்த இடத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை.

ஆவணக் காப்பகத்தில் தேடினாள். கப்பலில் வந்து இறங்கியவர்களின் பதிவில் தாத்தாவின் பெயர் கிடைத்தது. புறப்பட்ட இடம்: பெரிய தீவு. வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் துள்ளிக் குதித்தான். துள்ளினான் என்பது பேச்சுக்குத்தான்; முட்டி தேய்ந்த மனுஷன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அண்ணி இறந்துபோனபிறகு ஜன்னலோர நாற்காலியே கதியாகக் கிடந்தான். தங்கை பரிமாறினால் சாப்பிடுவான், பரிமாறாவிட்டால் கேட்கமாட்டான். அப்படிப்பட்டவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகப் பெரிய தீவுக்குப் போய்வந்தான்.

வரும்போது வேறு ஆளாக வந்தான். கையில் காபித்தூள் பாட்டில் நிறைய அந்தத் தீவு மணல். வாய் நிறைய, அங்கே சந்தித்த ஒரு தீவு அக்கா.

“அதே குடும்பப் பேருடி குட்டி! அந்த அக்கா என் மூக்கைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, ‘இது எங்க வீட்டு மூக்கு, வேற எங்கயும் கிடைக்காது’ன்னாங்க. ஊரையே கூப்பிட்டுக் காட்டினாங்க.”

“அந்தச் சப்பை மூக்கையா?”

“உனக்கும் அதேதான், கண்ணாடியில போய்ப் பாரு.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தீவு அக்காவின் போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, முட்டிக்கு எண்ணெய் தேச்சியா என்று அதட்டுவாள். அந்த அதட்டலைக் கேட்க அவன் காலையிலேயே குளித்து, தங்கை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போனில் யார் சட்டையைப் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கல்யாண வருஷம் ஒன்றுதான் பாக்கி. அதைப் பார்க்கத்தான் உபதேசியாரிடம் பழைய கல்யாணப் பதிவேட்டைக் கேட்டாள். அவர் தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

வெளியூர்க்காரன் கல்யாணம் செய்ய வந்தால் அவன் சொந்த ஊர்க் கோயில் பங்கிலிருந்து, இவனுக்கு முன்னமே கல்யாணம் ஆகவில்லை என்று ஓலை வரவேண்டும். எல்லா மாப்பிள்ளைகளுக்கும் ஓலை வந்ததாகக் குறிப்பு இருந்தது. கப்பல் தாத்தாவுக்கு மட்டும் இல்லை. ‘மணமகன் புறத்தீவில் பிறந்தவர். அங்கு ஆலயம் மூடப்பட்டு மக்கள் வெளியேறிவிட்டதால் ஓலை பெற இயலவில்லை. அதே தீவைச் சேர்ந்த இருவர் இவருக்காகச் சத்தியம் செய்தனர்’ என்று அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் எழுதிவைத்திருந்தார்.

“இது வேற தீவா இருக்கே, உபதேசியாரே?”

“பெரிய தீவுக்கும் அந்தாண்ட இருக்குன்னு கேள்விம்மா. எழுதுனவர் தப்பா எழுதியிருக்கமாட்டாரு. ஓலை இல்லாம தாலி கட்டவிட்டா மேலிடத்துல கேள்வி கேப்பாங்களே.”

ஞானஸ்நானப் பதிவேட்டையும் புரட்டினாள். சத்தியம் செய்த அதே இரண்டு பேர்தான் தாத்தாவின் பிள்ளைகளுக்கெல்லாம் மாறி மாறி ஞானத்தந்தையாக நின்றிருந்தார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி காப்பகத்தின் படியேறினாள். அங்கே இருந்த அதிகாரி அம்மா, அந்தக் கப்பலில் வந்தவர்களின் பக்கம் முழுவதையும் எடுத்துக் காட்டினார். எல்லோருக்கும் பெரிய தீவு என்றே எழுதியிருந்தது.

“அத்தனை பேரும் ஒரே ஊராம்மா?”

“எங்க? கப்பல் கடைசியா எந்தத் துறைமுகத்துல நின்னுச்சோ அதையே வரிசையா எழுதிட்டுப் போயிடுவாங்க. பெரிய தீவுல தண்ணி நிரப்பிக்க நிக்கும். ஒவ்வொருத்தரா நிறுத்தி, நீ எங்க பொறந்தேன்னு கேக்க அன்னிக்கு யாருக்குப் பொறுமை இருந்துச்சு?”

“புறத்தீவுல இப்ப யாராவது இருக்காங்களா?”

“கிணறெல்லாம் உப்பாகிப் போச்சுன்னு அப்பவே காலி பண்ணிட்டாங்க. இப்ப பறவைங்கதான்.”

இதைத்தான் அவள் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கல்லில் பொய் ஏறும். சொன்னால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும். உண்மையான ஊரிலோ அவனை அதட்டுவதற்கு ஒரு ஆள் கிடையாது.

ஞாயிறு காலை. அண்ணன் சட்டை மாட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அண்ணே, கல்லுல பெரிய தீவுன்னு போட வேண்டாம்.”

ஆரம்பித்தபிறகு நிறுத்தவில்லை. ஓலை, சத்தியம், தண்ணீர், பறவை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப மூக்கு?”

“மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு.”

“உனக்கு வேலை வெட்டி இல்லையா? கல்யாண வருஷம் இல்லாம அந்தக் கல்லு நிக்காதா?”

“கேட்டாங்க, பாக்கப் போனேன். நான் என்னத்தைக் கண்டேன்?”

“சொல்லாமலாவது இருந்திருக்கலாம்ல?”

“கல்லு வச்ச பிறகு உனக்குத் தெரிஞ்சா என்னைச் சும்மா விடுவியா?”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

“தம்பி, சாப்பிட்டியா?”

“அக்கா…” என்றான் அண்ணன். “நாங்க உங்க ஆளுங்க இல்லையாம்க்கா. தாத்தா வேற தீவாம். கப்பல் உங்க ஊர்ல தண்ணி எடுக்கத்தான் நின்னுச்சாம். தங்கச்சி பதிவேட்டுல பாத்துட்டா.”

அந்தப் பக்கம் எங்கோ பாத்திரம் கழுவுகிற ஒலி மட்டும் கேட்டது.

“அப்ப நான் இத்தனை நாளா யாரைப் போட்டு அதட்டிக்கிட்டு இருந்தேன்?” என்றாள் தீவு அக்கா. கோபமா, வருத்தமா என்று பிரிக்க முடியாத குரல். “சரி, வைக்கிறேன்.”

அண்ணன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். அன்று மத்தியானம் தங்கை பரிமாறியும் அவன் சாப்பிடவில்லை.

அந்த வாரம் கல் வந்தது. புறத்தீவில் பிறந்தவர் என்று வெட்டியிருந்தார்கள். கொத்தனார் சிமெண்டுக் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பைக்குள்ளிருந்து காபித்தூள் பாட்டிலை எடுத்தான்.

“இதையும் சேத்துக் குழைப்பா.”

“என்ன மணல் சார்? கடல் மணலா? உப்பு ஏறி பூச்சு விட்டுடும்.”

“ஒரு பாட்டில் மணலுக்கா விட்டுடும்? போடுப்பா. நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்.”

தங்கை அவனைப் பார்த்தாள். அவன் பார்க்காமலேயே சொன்னான்: “அங்க தண்ணி குடிச்சிட்டுத்தானே வந்தாரு. அந்தத் தண்ணி இல்லன்னா வந்து சேந்திருப்பாரா?”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். போன் வரவில்லை. தங்கை ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, காலை உள்ளே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு மனம் சொன்னது. அண்ணன் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான், திரும்பி வந்தான், மறுபடி போனான்.

“நடக்காதேண்ணே. முட்டி வலிக்கப்போகுது.”

“நீ ஒருத்திதான் இப்ப அதட்ட இருக்க.”

“என்னால அதட்டக்கூட முடியல.”

அவன் அவள் காலைப் பார்த்தான். வீங்கிய கணுக்காலையும் வெந்நீருக்கு மேலே இன்னும் தெரிந்த செருப்பு வாரின் தடத்தையும் முதல் தடவையாகப் பார்ப்பவனைப்போல நின்று பார்த்தான். அடுப்பில் மிச்சமிருந்த வெந்நீரைக் கொண்டுவந்து, சூடு பார்த்து, வாளியில் ஊற்றினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தான். எண்ணைத் தேடவே அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. இத்தனை நாளும் அவன் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. எல்லாம் தீவு அக்காவாகவே கூப்பிட்டதுதான்.

மணி போய்க்கொண்டே இருந்தது. தங்கை கண்ணைத் திறக்கவில்லை. வைத்துவிடுவான் என்று நினைத்த நேரத்தில் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

“அக்கா, நான்தான். சொந்தம்னு கூப்பிடல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

ஒரு இருமல். பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்.

“முட்டி எப்படி இருக்கு?” என்றது அந்தக் குரல், வேண்டாவெறுப்பாக.

“அப்படியேதான் இருக்கு.”

“எண்ணெய் தேச்சாத்தானே?”

“இல்லக்கா,” என்றான் அண்ணன். “இந்த வாரம் தேய்க்கல.”