இரண்டு எழுத்தும் ஒரு என்டரும்

ஏற்காடு ஏரிக்குப் போகும் ரோட்டில் உள்ள ஒரு ஹோட்டலின் முன்பதிவுக் கவுன்ட்டரில் மேகலா வேலை பார்த்தாள். பக்கத்து நாற்காலி மரியஅந்தோணியுடையது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மலைப்பாதை வளைவில் பைக் சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே சேர்ந்துவிட்டது. மவுஸைப் பிடித்தால் விரல்கள் நடுங்கும், அம்புக்குறி திரையில் எங்கெங்கோ ஓடும். விருந்தினர்கள் எதிரே நிற்க, அவர் ஒரே இடத்தில் நான்கு முறை க்ளிக் செய்து பார்ப்பார்.

மேகலா இணையத்தில் தேடி ஒரு இலவச மென்பொருளைக் கண்டுபிடித்து, அவருடைய கம்ப்யூட்டரில் போட்டாள்.

"அண்ணா, மவுஸைத் தொடாதீங்க. ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்குங்க."

திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"இப்ப ஆர், எம். அப்புறம் என்டர்."

அறைகளின் நிலவரம் திறந்தது. இடது கை மட்டுமே போதுமாக இருந்தது.

"இவ்வளவுதானா கண்ணு?"

"இவ்வளவுதானுங்கண்ணா."

மெயிலுக்கு, டாக்ஸிக்காரர்களின் நம்பருக்கு என்று அவர் தினமும் திறப்பவற்றுக்கெல்லாம் இரண்டிரண்டு எழுத்து வைத்துக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் அவர் அவளை முந்திவிட்டார். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவள் சாப்பிடப் போய் வருவதற்குள் ஏழு குடும்பங்களுக்கு அறை போட்டு அனுப்பியிருந்தார்.

மழைக்காலம் தொடங்கும்போது சேலம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுமதியில்லாத மென்பொருள் எதுவும் இருக்கக்கூடாது, போட்டவர்கள் விளக்கம் எழுதித் தர வேண்டும். மேகலாவுக்கு அப்போது சேலத்துக்குப் பதவி உயர்வு வரும் நேரம். மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, அவர் கம்ப்யூட்டரிலிருந்து அதை நீக்கினாள். எப்படியும் சமாளித்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அந்தப் பெட்டி வரமாட்டீங்குதே கண்ணு."

"கம்பெனி ரூல்ஸுங்கண்ணா. எல்லாத்துலயும் எடுத்துட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டு மவுஸைப் பிடித்தார்.

பத்து நாள் கழித்து, அம்புக்குறி ஒரு வரி தள்ளிப் போனதில் வேறொருவருடைய அறையை ரத்து செய்துவிட்டார். அந்த அறையை நம்பிக் கைக்குழந்தையோடு வந்த குடும்பம் இடமில்லாமல் மழையில் நின்றது. மேனேஜர் அவரை வாசல் கேட்டுக்கு மாற்றினார். உள்ளே வரும் கார்களின் நம்பரை நோட்டில் எழுதும் வேலை. அடுத்த வாரம் மேகலாவுக்குச் சேலம் ஆர்டர் வந்தது.

சேலத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் ஜெஸ்லின். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் மேகலா அந்தக் கதையைச் சொன்னாள். நீக்கியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கை முடியாதவருன்னு ஒரு மெயில் போட்டிருந்தாப் போதுமேங்க. நாங்களே அனுமதி குடுத்திருப்போம்," என்றாள் ஜெஸ்லின். சாப்பிட்டு முடித்துப் போய் ஃபைலைத் தேடி எடுத்தாள். "சுற்றறிக்கை அனுப்பறதுக்கு முந்தியே எந்தக் கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு லிஸ்ட் எடுத்துட்டோம். அப்புறம் யாரு போட்டதுன்னு கேட்டதுக்கு, தானே போட்டதா எழுதிக் குடுத்திருக்காரே."

கோணல் கோணலான இடது கை எழுத்து. கீழே மரியஅந்தோணி என்று கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மலை ஏறினாள். அவர் கேட் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அதை எடுத்தது நாந்தானுங்க."

அவர் ஒரு காரை உள்ளே விட்டு, நம்பரை எழுதி முடித்தார்.

"தெரியும் கண்ணு. அன்னைக்கு நீ முன்னாடியே வந்ததா வாட்ச்மேன் சொன்னாரு."

"அப்புறம் ஏனுங்க நீங்க போட்டதா எழுதிக் குடுத்தீங்க?"

"உனக்கு ஆர்டர் வர்ற நேரமாச்சே. எனக்கென்ன, ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு வேலை இருந்தாச் சரி." நோட்டை மூடி வைத்தார். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே போய்க் கேட்டிருப்பேன். கை இப்படின்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எனக்கென்ன வெக்கம்?"



அன்றே உண்மையை எழுதி மேனேஜருக்கும் சேலத்துக்கும் மெயில் அனுப்பினாள். அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மென்பொருளுக்கு இரண்டே நாளில் அனுமதி வந்தது. அவளே திரும்பப் போய்ப் போட்டுக் கொடுத்தாள். மேனேஜரும் மரியஅந்தோணியைக் கவுன்ட்டரில் உட்காரச் சொன்னார்.

பெட்டி வந்தது. அவருடைய விரல்கள் அப்படியே நின்றன.

"ரூமுக்கு என்ன எழுத்து கண்ணு?"

"ஆர், எம்முங்கண்ணா."

எழுத்துகளை அவர் மறக்கவில்லை என்பது மதியத்துக்குள் அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறையும் என்டர் அடிப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தார். விருந்தினர் எதிரே வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"நான் கேட்டுக்கே போறேன் கண்ணு. அந்தப் பச்சைக் கொழந்தை நனைஞ்சுக்கிட்டு நின்னது நொம்ப நாளா மனசை வுட்டுப் போகமாட்டீங்குது."

"பழகிருமுங்கண்ணா. நான் இன்னும் ரெண்டு நாள் இருக்கறேன்."

"நீ பஸ்ஸைப் பாரு."

இப்போது அந்த இடத்தில் ஃபெபி என்ற புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் ஏதோ விவரம் கேட்க மேகலாவுக்குப் போன் செய்தாள். பேச்சை முடிக்கும்போது, "அக்கா, இந்த ரெண்டு எழுத்து அடிக்கிறது நொம்ப வசதியா இருக்குதுங்க. மவுஸே தொடறதில்ல," என்றாள்.

"சரி கண்ணு. அண்ணன் எப்படி இருக்காரு?"

"கேட்டுல இருக்காருங்க. கூப்பிடட்டுங்களா?"

மேகலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம். கார் வர்ற நேரம்," என்றாள்.