நூறு வந்தவர்கள்

ரிட்டர்ன் கோட் என்னும் பதில் எண்ணை முழுமையாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதன் நான்தான். இதில் தற்பெருமை எதுவும் இல்லை.

எங்கள் கல்லூரியில் மாணவர்களை டேட்டாபேஸில்தான் வைத்திருக்கிறார்கள். கணினித் துறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை அது. வெளியே யாருக்காவது உருவம் மங்கத் தொடங்கினால் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். ஃபங்ஷன் என்பது ஒரு காக்கிச் சட்டைக்காரர். உள்ளே போய்ப் பெயரைத் தேடுவார். வந்து ஓர் எண் சொல்வார். விளக்கம் சொல்ல மாட்டார்.

பூஜ்யம் என்றால் ஆள் இருக்கிறான், தெளிந்துவிடுவான். மைனஸ் என்றால் உள்ளே ஏதோ கோளாறு, மறுபடி அனுப்பலாம். நூறு என்றால் அப்படி ஓர் ஆளே இல்லை. பிறகு அனுப்பிப் பயனில்லை.

பெற்றோருக்கு இது ஏறுவதே இல்லை. பூஜ்யத்துக்கு ஒப்பாரி வைக்கிறார்கள். நூற்றுக்கு இனிப்பு கொடுக்கிறார்கள். அதை வாங்கித் தின்னவும் ஒரு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தைக் கிழிகிழியென்று கிழித்துத் துறையின் சுவரிதழில் எழுதினேன். நல்ல வரவேற்பு.

செவ்வாய்க்கிழமை என் அறைத்தோழன் இசக்கிராஜா மங்கினான். முதலில் காதுகள். பிறகு முழங்கை. போட்டிருந்தது என் சட்டை. அது நன்றாகவே தெரிந்தது.

கோவில்பட்டியிலிருந்து அவன் அப்பா வந்துவிட்டார். மூவரும் அந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

"எலே, இதுல புலின்னு பீத்துவியே. எனக்குக் கேட்டுச் சொல்லுல," என்றான் இசக்கிராஜா. முகம் பாதிதான் இருந்தது.

ஃபங்ஷன் போனார். வந்து மைனஸ் தொள்ளாயிரத்துப் பதினொன்று என்றார். உள்ளே இரண்டு பேர், நீ முதலில் நகரு என்று ஒருவரையொருவர் மறித்து நிற்கிறார்கள் என்று பொருள். சாதாரண விஷயம் என்று அப்பாவுக்குத் தைரியம் சொன்னேன். மறுபடி அனுப்பினேன். இந்த முறை நடைபாதை நீண்டது. அவர் திரும்பியபோது மீசை நரைத்திருந்தது.

"நூறு," என்றார்.

சட்டை நாற்காலியில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூறா தம்பி? அவன் நாப்பதத் தாண்டுனதே இல்லியே."

விளக்கம் முழுவதும் என்னிடம் தயாராக இருந்தது. எண், காரணம், அடுத்துச் செய்ய ஒன்றுமில்லை என்பது வரை. அவர் என் கையை விடவில்லை.

"ஆமா அப்பா," என்றேன். "நூத்துக்கு நூறு."

அவர் மஞ்சள் பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நான் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.