இரண்டு வரிக்குள் அடங்காத எலி

பத்திரிகை அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் கத்திரி. நீட்டி முழக்கி வரும் எந்தச் செய்தியையும் நறுக்கிக் கையில் கொடுத்துவிடுவான். அறிவியல் பக்கத்துத் தலைப்பு, போன் திரையில் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். மூன்றாவது வரி வந்தால் ஆசிரியர் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். முந்தாநாள் வந்த செய்தி, 'வலிப்பு மாத்திரை எலிகளின் மூளையைச் சுருக்குகிறது: ஆய்வு' என்று மூன்றாவது வரிக்குப் போய் நொண்டியது. எலியை எடுத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. எலிக்குக் கொடுத்த அளவுக்கு மனிதன் சாப்பிட வேண்டுமென்றால் மாத்திரையை டப்பா டப்பாவாக விழுங்க வேண்டும் என்ற விவரம் கடைசிப் பத்தியில் இருக்கத்தான் செய்தது. கடைசிப் பத்தி வரைக்கும் யார் படிக்கிறார்கள்? அவனே படிப்பதில்லை.

இன்று மதியம் டீயும் கையுமாக இருந்தபோது குடும்பக் குழுவில் அக்காவின் செய்தி வந்தது. அவன் போட்ட அதே தலைப்பு. அதன் கீழே, "நல்லவேளை, தம்பி பேப்பர்ல பார்த்தேன். அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேன்."

அக்கா நீச்சல் சொல்லித்தருபவள். சின்ன வயதில் சமையலறையில் கைகால் வெட்டி இழுத்து அவள் விழுந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். கண்கள் மேலே செருகிய அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. சட்டென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தண்ணீருக்குள் வந்தால்?

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். தண்ணீரில் இருப்பவள் எப்படி எடுப்பாள் என்று உறைத்ததும், மேசைக்கடியில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் வாடகை வண்டியில் ஏறினான்.

"போன்ல வர்ற கண்டதையும் நம்பாதேக்கா. எங்க பேப்பர்ல வந்தா மட்டும் நம்பு" என்று அவளைப் பாடாய்ப் படுத்தியவன் அவன்தான். பாவி மகள், ஒரு தடவை தம்பி பேச்சைக் கேட்டுத் தொலைத்துவிட்டாள்.

நீச்சல் குளத்து வாசலில் சீட்டுக் கொடுக்கும் பெண், "சார், சீட்டு வாங்கணும்!" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். அவன் நிற்கவில்லை. வகுப்பு முடிந்து குளம் காலியாக இருந்தது. ஆழமான பக்கத்தில் ஒரு நீலத் தொப்பி மட்டும், முகம் கீழே இருக்க, அசையாமல் மிதந்தது.

"அக்கா!"

தொப்பி அசையவில்லை. நீச்சல்காரியின் தம்பிக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பதே மறந்துபோய்ப் படியில் இறங்கினான். தண்ணீர் மார்புவரை வந்துவிட்டது.

தொப்பி நிமிர்ந்தது. "மூச்சு அடக்கிப் பழகுறேன்டா. எதுக்கு இப்படி ஊரைக் கூட்டுறே?"

நீந்திப் பக்கத்தில் வந்தவளின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தான். பல் தந்தியடித்தது. "அந்த மாத்திரை நியூஸ் எலிக்குக்கா! எலிக்குத்தான்! இடம் பத்தலைன்னு நான்தான் எலியை வெட்டிட்டேன்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ இப்ப நீ சொல்றதை மட்டும் எதை வச்சு நம்புறது?"

"என்னை நம்பாதே. டாக்டரைக் கேளு. இப்பவே."

துண்டுக்கடியில் இருந்த போனை எடுத்தாள். கை ஒரு வெட்டு வெட்டியது. போன் தரையில் விழுந்தது. "காலையிலேர்ந்து இப்படித்தான், கை தானா துள்ளுது" என்றாள். இப்போதுதான் அவள் முகத்திலும் பயம் தெரிந்தது. அவளைச் சுவரோரம் உட்காரவைத்து அவனே டாக்டருக்குப் போன் போட்டான். தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள், உடனே கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினான். பின்னாலேயே ஓடிவந்த சீட்டுக் கொடுக்கும் பெண் எல்லாவற்றையும் கேட்டபடி அங்கேயே நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், அந்த நியூஸ் நீங்க போட்டதா?"

தலையாட்டினான்.

"எங்கம்மாவும் அந்த மாத்திரைதான் சார். நேத்து நான்தான் எல்லாத்தையும் குப்பையில போட்டேன்." சொல்லும்போதே போனைக் காதில் வைத்திருந்தாள். அந்தக் காலிக் கூடத்தில் மணி அடிப்பது அவனுக்கும் கேட்டது. அடித்து ஓய்ந்தது.

"வீட்ல அவங்க தனியா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி போட்டாள்.