இருபது நாற்காலி போதும்

“இறக்காதடா. இருபது போதும்.”

வண்டியின் பின்கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். உள்ளே சிவப்பு நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை வரை ஏறியிருந்தன. மகன் கதவை மறுபக்கம் இழுத்தான். வீட்டுக்குள் முன்னறையில் அவள் கணவர் விடியற்காலையிலிருந்து கண்மூடிப் படுத்திருக்க, வாசலில் தாயும் பிள்ளையும் இப்படி மல்லுக்கட்டினார்கள்.

“இருநூறு சேர் வச்சிருந்த மனுஷன்மா. அவர் சாவுக்கு இருபதா? பார்க்கிறவங்க காறித் துப்ப மாட்டாங்களா?”

“காலியாக் கிடந்தா அதைவிட அசிங்கம். வெளியூர்ல இருக்கிறவன், உனக்கென்ன தெரியும்?”

கல்யாணமோ கடை திறப்போ, அந்தச் சின்ன ஊரில் நாற்காலி அவர் கடையிலிருந்துதான் போகும். ஊருக்கு அவர் சேர்க்காரர். வேறு வாடகைக்காரனாக இருந்தால் இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவான். இவர் போகமாட்டார். பின்சுவரில் சாய்ந்து நிற்பார். கூட்டம் சேரவில்லையென்றால் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் உருவிவிடுவார். விசேஷக்காரர் திரும்பிப் பார்க்கும்போது இடம் நிறைந்திருக்கும். அப்படியும் காலி தெரிந்தால் வீட்டுக்கு போன் வரும்.

“ஆள் குறையுது. நல்லதா ஒண்ணு உடுத்திக்கிட்டு வா.”

போவாள். போகாமல் விடுகிற மனுஷரா? அடுப்பை அணைத்துவிட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய், யாரென்றே தெரியாதவர் வீட்டு விசேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவாள். போன வாரம் மட்டும் மூன்று. திங்கட்கிழமை தையல்காரரின் புதுக் கடை திறப்பு. புதன்கிழமை நில அளவை ஆபீஸ் குமாஸ்தாவின் பணி ஓய்வு. சர்வீஸ் முழுக்க எல்லோரிடமும் எரிந்து விழுந்தவர் அவர். அவளும் டீக்கடைக்காரரும் சலூன்காரரும்தான் அன்றைக்குக் கூட்டமே. வியாழக்கிழமை தண்ணீர்ப் பிரச்னைக்காக நடந்த கூட்டத்தில் நாற்காலிக்கே அடிதடி நடந்ததால் அவள் தப்பித்தாள். வெள்ளிக்கிழமை பாட்டு வகுப்புப் பிள்ளைகளின் கச்சேரி. கொட்டுகிற மழையிலும் போன் வந்தது. நனைந்து போய் உட்கார்ந்தாள்.

“நான் என்ன உங்க கடைச் சேரா, வேணுங்கிற இடத்துல தூக்கிப் போட?” என்று அன்றிரவு கத்தினாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். “நீ உக்காந்துட்டா மத்தவன் எந்திரிக்க மாட்டான். அது உன் ராசி.”

சனிக்கிழமை எல்லா நாற்காலிகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, “நெஞ்சு என்னவோ பண்ணுது” என்றார். ஞாயிறு விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். விசேஷத்துக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டைப் பார்ப்பார்கள். பின்சுவரில் நிற்கிறவரை எவர் பார்த்தார்? அதிலும் ஞாயிற்றுக்கிழமை, ஊரே போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஒரு வீட்டுக்கும் காலி நாற்காலியைக் காட்டாத மனுஷர், தன் சாவுக்குக் காலி நாற்காலிகளோடு கிடக்கக் கூடாது. அழுவதைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மகன் தோற்றுப்போய்க் கதவைச் சாத்தினான். இருபது நாற்காலிகளை அவளே இரண்டு வரிசையாகப் போட்டாள்.

முதலில் வந்தவர் குமாஸ்தா. இஸ்திரி போட்ட சட்டை, அதே கடுகடுத்த முகம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு தையல்காரர் குடும்பத்தோடு வந்தார். பாட்டு வகுப்பு டீச்சர் வந்தாள். அதன்பின் யார் யாரோ வந்தார்கள். தெருமுனையில் சைக்கிள்களும் வண்டிகளும் அடைத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி வெயிலில் நின்றாள்.

அவள் அதைப் பார்த்தாள். ஐயோ, சேர்க்காரர் வீட்டிலேயே மனுஷர்களை நிற்க வைத்துவிட்டேனே!

“டேய், இறக்குடா! எல்லாத்தையும் இறக்கு!”

மகன் வண்டிக் கதவைத் திறந்தான். அதற்குள் குமாஸ்தா வண்டியடிக்குப் போய்விட்டார். “வழி விடுங்கய்யா. வரிசையாப் போடத் தெரியாதா? கோணலாப் போட்டா அவருக்குப் பிடிக்காது!” என்று ஊரையே அதட்டி வேலை வாங்கினார். நாற்காலிகள் கைமாறிக் கைமாறித் தெருக்கோடி வரை போயின.

அவள் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெண் வந்து நெருங்கி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைத் தெரியுதாக்கா?”

தெரியவில்லை.

“என் மகன் கல்யாணத்துக்கு வந்தீங்களே. அவனா பார்த்துக்கிட்ட பொண்ணுன்னு சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. நீங்கதான் முதல் ஆளா வந்து முன்னாடி உக்காந்தீங்க. நமக்குன்னு ஒருத்தங்க வந்தாங்களேன்னு நானும் வீட்டுக்காரரும் அன்னிக்கு முழுக்க அதையேதான் பேசிக்கிட்டிருந்தோம். இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா வராம இருப்போமா?”

வாசலில் வேறு யாரோ மகனிடம் சொல்வது கேட்டது: “எங்க அப்பா காரியத்துக்கு உங்கம்மா கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாங்க தம்பி. அவரை அவங்களுக்கு எப்படிப் பழக்கம்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.”

அவள் எந்தக் கல்யாணம் என்று யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ கல்யாணம். ஒரு மணப்பெண் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அவர்தான் போன் பண்ணி வரச் சொன்னார் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

“ஆமா, வந்தேன்,” என்றாள். பிறகு, “மருமக நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காக்கா. இப்பதான் ரெண்டாவது பிறந்திருக்கு. பொண்ணு.”

அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கைமேல் கையை வைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று விசாரித்தாள்.