ஒன்றாம் சாட்சி

என் தங்கை மயிலாத்தாள் செய்த குற்றம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

அவசர நிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் கல்லூரியில் வரலாறு நடத்திய வாத்தியாரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர் மனைவிக்கே சொல்லவில்லை. இருபத்துமூன்று பிள்ளைகள் வாயில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு தாலுக்கா ஆபீஸ் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, கல் கிடையாது. 'எங்கள் ஆசிரியர் எங்கே?' என்று எழுதிய ஒரு அட்டை மட்டும். வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்து இந்தப் பெரிய அரசாங்கத்துக்கு என்ன பயமோ, பத்தே நிமிஷத்தில் லத்தியோடு வந்துவிட்டார்கள். பலர் பிடிபட்டார்கள். மயிலா தோளில் ஒரு அடியோடு வயல் வரப்பில் ஓடி வீடு வந்து சேர்ந்தாள்.

எங்கள் ஊர் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி. கிழக்கே போனால் தமிழ்நாடு. கோபாலபுரம் தாண்டி எங்கள் மாமன் வீடு இருக்கிறது. அந்தப் பக்கத்து அரசாங்கம் அப்போது அவசர நிலையை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்ததால், இந்தப் பக்கத்துப் போலீஸ் எல்லை தாண்டிப் போய்க் கைவைக்கத் தயங்கியது. அப்பா அன்றைக்கே அவளை அங்கே கொண்டுபோய் விட்டார். ஐந்து மாதம் மாமன் தோட்டத்தில் பருத்தி எடுத்துக்கொண்டு பத்திரமாக இருந்தாள்.

அதைக் கெடுத்தவன் நான்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்களில் தாலி கட்டுமுன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் கூடப் பிறந்தவளும் சேர்ந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு நுனி அவன் கையில், மறு நுனி அவள் இடுப்பில் வைத்திருக்கும் கூடையில். பெண்டாட்டி வந்தாலும் உன்னைக் கைவிடமாட்டேன் என்று தங்கைக்கு ஊரறியக் கொடுக்கும் வாக்கு அது. பெரியப்பா மகள் பெரியம்மாள் நிற்கத் தயாராக இருந்தாள். அப்படி நிற்பதும் வழக்கம்தான். யாரும் குறை சொல்லமாட்டார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி நிற்பதா என்று வீறாப்பு. 'நீ வராமல் நான் மணவறை ஏறமாட்டேன்' என்று அவளுக்குக் கடிதமும் போட்டேன்.

அப்பா வெற்றிலைத் தட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. கேரளத்தின் தெற்குக் கோடியிலிருந்து வந்த மலையாளி. எங்களை உட்காரவைத்துத்தான் பேசினார்.

"ஏனுங்க, பையனுக்குக் கண்ணாலமுங்க," என்றார் அப்பா. "புள்ள வந்து சீரு செஞ்சுபோட்டு உடனே போயிருவாளுங்க. அன்னைக்கு ஒருநா மட்டும் நீங்க கண்டுக்கப்படாதுங்க."

"கல்யாணமல்லே, கவுண்டரே! பங்கியாயிட்டு, ஜோராயிட்டு நடக்கட்டே," என்று சிரித்தபடி எஸ்.ஐ. தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டார்.

தட்டிலிருந்து எடுத்துவிட்டால் எங்களுக்குள் பேச்சு முடிந்தது. நிலமானாலும் பெண்ணானாலும் அதற்குப்பின் மாற்றிப் பேசுகிறவனை மனிதனாகவே மதிக்கமாட்டோம். அதற்குமேல் உறுதி கேட்பது எதிராளியை அவமதிப்பது. வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா அந்த மனிதரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நானும் தலையாட்டினேன். அவருக்கு அது வெறும் வெற்றிலை என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

கல்யாணத்தன்று காலையில் மாமன் வீட்டுச் சீர் வண்டியில் மயிலா வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "கடுதாசி போட்டு மெரட்டறீங்களாக்கும்?" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்நூறு பேர் பார்க்க, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு நின்றாள். அம்மா அழுதாள்.

சீர் முடிந்து அவள் கூடையை இறக்கியபோது பந்தலுக்குள் எஸ்.ஐ. நின்றிருந்தார். மஃப்டியில் வந்திருந்தார். விருந்தாளி என்று நினைத்து யாரோ அவருக்குச் சந்தனம்கூடக் கொடுத்திருந்தார்கள். வெளியே ஜீப்பில் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு பெண் போலீசும். பெண் போலீஸைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார் என்றால் அன்றைக்குத் தட்டில் கைவைக்கும்போதே முடிவு செய்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

அப்பா கையைக் கூப்பினார். "வெத்தல பாக்கு எடுத்தீங்களேங்க..."

"நல்ல வெத்தலயாக்கும், கவுண்டரே," என்றார் எஸ்.ஐ. "சடங்கு முடியட்டேன்னு காத்து நின்னில்லே? ஞான் மரியாதக்காரனாணு."

மயிலா ஓடவில்லை, கத்தவுமில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாமன் வண்டித்தடியைத் தூக்கினார். அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எஸ்.ஐ. என்னை மட்டும் சமையல் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். மலையாளத்தில் எழுதி முடித்திருந்த மஹஸர் ஒன்றை, சாட்சிகள் கையெழுத்திடும் கைதுப் பத்திரத்தை, நீட்டினார். கையெழுத்துப் போட்டால் நான் முகூர்த்தத்துக்குப் போகலாம். போடாவிட்டால், தேடப்பட்டவளுக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கு நானும் ஜீப்பில் ஏறலாம். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணவறையில் மணப்பெண் செல்லாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் சாட்சி என்ற இடத்தில் ஈஸ்வரமூர்த்தி என்று கையெழுத்துப் போட்டேன். என் கையிலிருந்த மஞ்சள் காகிதத்தில் ஒட்டிக்கொண்டது.

பிறகு போய்த் தாலி கட்டினேன். ஆமாம், கட்டினேன். கான்ஸ்டபிள்கள் இருவரும் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதே தை முடிவதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்தையும் டெல்லி கலைத்துவிட்டது. அவள் அங்கேயே இருந்திருந்தாலும் பிடித்திருப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் அந்த ஆறுதலை வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பதினாலு மாதம். தேர்தலில் ஆட்சி மாறியபிறகுதான் விட்டார்கள். அடிபட்ட தோளிலேயே மறுபடி அடித்திருந்தார்கள். இடது கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருந்தார். படிப்பும் போயிற்று. எஸ்.ஐ. சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஆனார். ஜனநாயகம் திரும்பி வந்துவிட்டது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

மயிலா விடவில்லை. பாலக்காட்டில் மஜீத் வக்கீலைப் பிடித்து, தன்னை அடித்தவர்கள்மேல் புகார் கொடுக்கக் கிளம்பினாள். பழைய வழக்குக் காகிதங்களின் நகலை வாங்கினார் வக்கீல். ஒரு மத்தியானம் அதில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். செல்லாத்தாள் மோர் கொடுத்தாள். குடிக்காமல் வைத்துவிட்டு, தாளை என் முன்னால் விரித்தாள்.

"உங்க கண்ணாலத்தன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல போலீசுமேல கல்லெறிஞ்சேனாம். அங்கயே புடிச்சாங்களாம். கல்லெறிஞ்சதனாலதான் பதினாலு மாசம். அதக் கண்ணால பாத்த சாட்சி நீங்களாமுங்க."

மோரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"வக்கீல் சொல்றாரு, அண்ணன் வந்து உள்ளதச் சொன்னாப் போதுமுங்களாம். வர வேண்டாமுங்க. அதுக்கு வரலீங்க நானு." குரல் தணிந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களாண்ணா?"

ஒவ்வொரு வரியையும் படித்திருந்தேன். கல் என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, மறுபடி படித்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினேன்.

"மலையாளம் எனக்கெங்க தெரியும், மயிலா?" என்றேன்.

அவள் "சரிங்கண்ணா" என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஐந்து வயதில் அவள் கையைப் பிடித்து மணலில் மலையாள எழுத்து எழுதப் பழக்கியவன் நான்தான்.